ஆறு மணங்கு

அத்தியாயம் 11

மஹபூப் பாஷா நாள் குறித்திருந்த வெள்ளிக்கிழமை விடிந்துவிட்டது.

அன்று காலை அவர் வரவில்லை. நான்கு மாதத்தில் ஒரே ஒரு நாள்தான் தவறியிருக்கிறார். விடியற்காலை பஜ்ர் தொழுகை முடிந்த கையோடு வந்து தெருக்கதவருகே நின்று ஒரு தடவை இருமுவார். தம்பி மனைவி ஜஹீருன்னிசா சமையல்கட்டுக்குள் போய்த் திரையை இழுத்துவிட்டுக்கொள்வாள். அவர் தம்பியைக் கட்டிலிலிருந்து அள்ளி, முன்கூடத்து ஜன்னலோரம் கிடக்கும் நாற்காலியில் உட்காரவைப்பார். பழைய தலைப்பாகைத் துணியால் மார்பை நாற்காலியோடு சேர்த்துக் கட்டுவார். கட்டாவிட்டால் அப்துல் ஹமீத் கொஞ்சம் கொஞ்சமாக வழுக்கித் தரைக்கு வந்துவிடுவான். இடுப்புக்குக் கீழே அவனுக்கு உணர்ச்சி இல்லை.

"காது குடுத்துக் கேட்டுக்கிட்டே நிக்கிறியே," என்றான் ஹமீத். "பாய்ஜான் வரமாட்டாரு. சொன்னா சொன்னதுதான்."

"நான் ஒண்ணும் கேக்கல."

"பின்னே இன்னா பண்றே?"

"பஸ்கி எடுக்கப் போறேன்."

அவள் திரையை விட்டுவிட்டு உள்ளறைக்கு வந்தாள். சேலையை முழங்காலுக்கு மேல் வரிந்து கட்டினாள். அவள் குந்திக் குந்தி எழ, அவன் படுத்தபடியே எண்ணினான். இருபத்தைந்தில் நிறுத்தச் சொன்னான். "இன்னிக்கு ஜாஸ்தி வேணாம். காலை மிச்சம் வெச்சுக்கோ."

டேனரியில் அடுக்கி வைத்திருந்த தோல்கட்டுகள் அவன் முதுகில் சரிந்து நான்கு மாதம் ஆகிறது. வேலூரில் டாக்டர் ஒரே விஷயத்தைத்தான் இரண்டு தடவை சொன்னார். காலையும் சாயங்காலமும் எழுப்பி உட்காரவைக்க வேண்டும். படுத்தே கிடந்தால் முதுகில் புண் வரும். புண் வந்தால் அதுவே ஆளைக் கொண்டுபோகும்.

இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்தால் சுலபமான காரியம். ஆனால் கணவனின் அண்ணன் வீட்டுக்குள் இருக்கும்போது அவள் திரையைத் தாண்டி வர முடியாது. அக்கம்பக்கத்துப் பெண்கள் அவனைத் தொடக்கூடாது. ஆகவே தூக்குவது ஒருவராகத்தான் இருக்க வேண்டும். ஒன்று அவர். இல்லாவிட்டால் அவள்.

இப்போது அவர் பேரணாம்பட்டுக்குப் போகிறார். அங்கே ஒரு டேனரியில் மேனேஜர் வேலை. குடியிருக்கப்போவது மனைவியின் சகோதரர்கள் வீட்டில்.

போன வெள்ளிக்கிழமை அவர் முன்கூடத்தில் நின்று, சைராவைப் பார்த்துப் பேசினார். தம்பி மனைவியிடம் அவர் நேரே பேசுவதில்லை. எட்டு வயது சைராவிடம் சொல்வார். திரைக்குப் பின்னால் இருப்பவள் கேட்டுக்கொள்வாள்.

"சைரா, உங்க அம்மாகிட்ட சொல்லு. ஹமீதை நான் கூட்டிட்டுப் போறேன். அங்க மூணு ஆம்பளைங்க இருக்கிற வீடு. உங்க அம்மா வந்து இருக்க முடியாது. அவங்க நெமிலிக்கு அவங்க அண்ணன் வீட்டுக்குப் போகட்டும். நீ எங்ககூட வந்துடு."

"கூலிக்கு ஒருத்தனை வெச்சுக்கிட்டா?" என்று கட்டிலிலிருந்து ஹமீத் கேட்டான்.

"அந்நிய ஆம்பளை தினம் ரெண்டு வேளை இந்த வீட்டுக்குள்ள வந்து போவானா? பேசற பேச்சைப் பாரு."

அப்போதுதான் திரைக்குப் பின்னாலிருந்து அவள் குரல் வந்தது. கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அவர் காதில் விழுந்த முதல் குரல்.

"நான் தூக்கினா?"

அவர் திரைக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். பிறகு சைராவிடம் சொன்னார். "வர்ற வெள்ளிக்கிழமை ஜும்மா முடிஞ்சு வண்டியோட வர்றேன். கட்டில்லேர்ந்து நாற்காலி வரைக்கும். தனியா. உங்க பெரியம்மா உள்ள நின்னு பாக்கட்டும். தூக்கிட்டா அவன் இங்கயே இருக்கட்டும்."

அவளுக்கு இது போன வாரம் வந்த யோசனை அல்ல. அடிபட்ட இரண்டாம் மாதம் மஹபூப் பாஷா ஒரு நாள் வெளியூரில் மாட்டிக்கொண்டார். பொழுதுக்கும் ஹமீத் நனைந்த படுக்கையில் கிடந்தான். அவளால் முடிந்தது அவனைப் பக்கவாட்டில் புரட்டியதுதான். அவன் சுவரைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டான். மறுநாள் விடிந்ததும் அவள் அம்மிக்கல்லைத் தூக்கிப் பார்த்தாள்.

கோணிப்பையில் பாலாற்று மணல். ஒரு மணங்கில், அதாவது இருபத்தைந்து ராத்தலில், ஆரம்பித்தாள். அவன் கைகள் நன்றாகத்தான் இருந்தன. பையை இறுக்கித் தைத்துக் கொடுத்தான். குஸ்தி பழகும் தாலிம்கானாவில் பதினைந்து வருஷம் புரண்டவன் அவன். முப்பத்திரண்டாம் வருஷ தர்கா உர்ஸ் விழாவில் குடியாத்தத்துப் பயில்வானைக் கோதாவில் மல்லாக்கப் போட்டவன். அப்போது எட்டு மணங்கு எடை இருந்தான். வேலூரில் நிறுத்தபோது ஆறு.

செவ்வாய்க்கிழமை ஆறு மணங்கு மணல் மூட்டையை அவள் இடுப்புவரை தூக்கிவிட்டாள்.

அவனைத் தூக்கிப் பார்க்க மட்டும் அவன் விடவில்லை. வெள்ளிக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்றான். வெட்கம் என்று அவளுக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை வந்துவிட்டது.

"வாங்க," என்றாள்.

அவனைக் கட்டில் விளிம்புக்கு நகர்த்தினாள். மூட்டையைப் பிடிப்பதுபோல் இரண்டு கையாலும் இடுப்பைச் சுற்றிப் பிடித்தாள். மூச்சை இழுத்தாள். தூக்கினாள்.

மூட்டை அப்படியே எழும். அவன் எழவில்லை. மார்பு ஒரு பக்கம் சாய்ந்தது, கால்கள் வேறு பக்கம் இழுத்தன. தோள் அவள் கைக்குள்ளிருந்து நழுவியது. அவனைக் கீழே விழவிடாமல் தொடையால் முட்டுக்கொடுத்துக் கட்டிலுக்கே தள்ளினாள். இருவருக்கும் மூச்சு வாங்கியது.

விரிப்பில் காசு அகலத்துக்கு ரத்தம். பத்து நாளாகக் காய்ந்து வந்த முதுகுப் புண் திறந்துகொண்டிருந்தது.

"இன்னொரு தடவை," என்றாள்.

"வேணாம்."

"இன்னொரு தடவைன்னு சொல்றேன்."

"ஜஹீர்." அவன் கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "போனாப் போறேன். பேரணாம்பட்டு எங்கேயோ இல்லையே."

அவள் ஈரத்துணியை எடுத்தாள். அவனைப் புரட்டி, புண்ணைத் துடைத்தாள். அவன் முதுகு இன்னும் அகலமாகத்தான் இருந்தது. சதை மட்டும் கழன்று தொங்கியது. மணமான புதிதில் இந்த முதுகுக்குத்தான் எண்ணெய் தேய்ப்பாள்.

"அப்ப ஒரு தடவை கேட்டேன், இவ்வளவு உடம்பு எதுக்குன்னு. பாக்கறவங்க பாக்கட்டுமேன்னு சொன்னீங்க."

"பொய்."

"இன்னா?"

"அப்பா அடிப்பாரு. தோல் பதம் பாக்கிற குச்சியால. பன்னெண்டு வயசுல தாலிம்கானாவுக்குப் போனேன். அடிச்சா வலிக்காத உடம்பு வேணும்னு போனேன்." அவன் கொஞ்சம் சிரித்தான். "இப்போ வலிக்கவே இல்லை. கெடைச்சுது பாரு."

அவள் சிரிக்கவில்லை. ராத்திரி நனைந்த மெத்தையை அவனுக்கு அடியிலிருந்து உருவிச் சுருட்டிக்கொண்டு கொல்லைப்புறம் போனாள்.

பத்து மணி வாக்கில் முனவ்வர் பேகம் வந்தாள். மஹபூப் பாஷாவின் மனைவி. பிள்ளை இல்லை. கையில் சைராவுக்குப் புதுப் பாவாடையும் ஒரு டஜன் கண்ணாடி வளையலும்.

"கைய நீட்டுடி ராணி," என்று சைராவுக்குப் போட்டுவிட்டாள். பிறகு ஜஹீருன்னிசாவின் கையைப் பார்த்தாள். "உனக்கும் ரெண்டு டஜன் வாங்கலாம்னு பாத்தேன். எந்த அளவு கேக்கிறதுன்னு தெரியல. வளையல்காரி உன் கையப் பாத்தா பயில்வானுக்கு வளையல் விக்கிறதில்லைன்னு போய்டுவா."

"தூக்கும்போது ஒடைஞ்சுடுது பாபி. அதான் போடறதில்லை."

"மொட்டைக் கையோட நிக்கிறே, புருஷன் இருக்கிறவ." முனவ்வர் குரலைத் தாழ்த்தினாள். "காலையில தூக்கிப் பாத்தியா? முடிஞ்சுதா?"

ஜஹீருன்னிசா பொய் சொல்ல நினைத்தாள். வரவில்லை.

"இல்லை."

முனவ்வர் தலையை ஆட்டினாள். அதில் சந்தோஷம் இல்லை. ஆனால் உடனே எழுந்துபோய் சைராவின் துணிகளை மூட்டை கட்ட ஆரம்பித்தாள். சீப்பு, ரிப்பன், சின்ன ஜமுக்காளம் எல்லாம் ஏற்கெனவே யோசித்து வைத்த ஒழுங்கில் உள்ளே போயின.

"அவளுக்கு ராத்திரி கால் அமுக்கிவிட்டாத்தான் தூக்கம் வரும், தெரியுமா?" என்றாள் முனவ்வர்.

"எம் பொண்ணு பாபி. தெரியும்."

"போன மாசம் எங்க வீட்லதானே ஜாஸ்தி தூங்கினா. நீ மூட்டை தூக்கிட்டு இருந்தே."

ஜஹீருன்னிசா கொல்லைக்குப் போய்விட்டாள்.

பஞ்சுமெத்தை தொட்டியில் ஊறிக் கிடந்தது. அலசினாள். கொடியில் போட வேண்டும். இடுப்பளவு கட்டிப் பிடித்து இழுத்தாள். தண்ணீரில் ஊறிய மெத்தை பாதி எழுந்து, நடுவில் மடிந்து, கைக்குள்ளிருந்து வழுக்கித் தொட்டியில் விழுந்தது. மறுபடி இழுத்தாள். மறுபடி விழுந்தது. தொட்டி விளிம்பில் உட்கார்ந்தாள். அழுகை வந்தது. சத்தமில்லாமல் அழுதாள்.

"ஏய்." உள்ளறையின் பின்கதவு திறந்திருந்தது. கட்டிலிலிருந்து ஹமீத் தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். "அப்படியா தூக்கிறது அதை?"

"வேற எப்படித் தூக்கிறது?"

"டேனரியில தோலு ஊறுற சுண்ணாம்புக் குழியில எறங்குறானே, அவன் எப்படித் தூக்கிறான்?"

"நான் எங்க பாத்தேன் சுண்ணாம்புக் குழிய?"

அவன் முழங்கையை ஊன்றி எழப்பார்த்தான். முகமே மாறியிருந்தது. "ஜஹீர், என் தப்பு. காஞ்ச மூட்டையக் குடுத்து உன்னைப் பழக்கிட்டேன். தாலிம்கானாப் புத்தி. நான் மூட்டை இல்லை. ஈரத்தோலு."

"புரியல."

"எருமைத்தோலு குழியில ஊறினா மூணு மணங்கு, நாலு மணங்கு வரும். புடிக்க எடமே இருக்காது. இழுத்தா வழுக்கும். அதனால எவனும் தன் பக்கம் இழுக்கமாட்டான். கிட்டப் போவான். குனிஞ்சு அடியில தோளைக் குடுப்பான். தோலு தானா அவன் மேல விழும். முழுசா விழுந்த பொறவுதான் எழுந்திருப்பான். கையில பலம் இல்லை அது. காலு. பஸ்கி."

அவள் மெத்தையைப் பார்த்தாள்.

"கிட்டப் போ," என்றான். "இன்னும் கிட்ட. தொட்டிய ஒட்டி. ஒக்காரு. அடியில தோளைக் குடு. இழுக்காதே. மேல சாய விடு. பயப்படாதே, விழட்டும். விழுந்துச்சா? மூச்சு விடு. இப்போ எழுந்திரு."

சில்லென்று தண்ணீர் கழுத்தில் இறங்கியது. மெத்தை முழுவதும் அவள்மேல் படிந்தது. அவள் எழுந்தாள். மெத்தையும் எழுந்தது.

பன்னிரண்டு தடவை எடுத்தாள். பதின்மூன்றாவதற்கு அவன் விடவில்லை. "போதும். காலுல இன்னும் ஒரு எழுப்புதான் பாக்கி இருக்கும். அதை எனக்கு வெச்சுக்கோ."

ஜும்மா தொழுகை முடிந்து ஆட்கள் பேசிக்கொண்டு போகிற சத்தம் கேட்டது. பிறகு மாட்டுமணி. வண்டி வாசலில் நின்றது. சைரா புது வளையலோடு வெளியே ஓடினாள். வண்டிக்காரன் சுப்பராயனிடம் மஹபூப் பாஷா ஏதோ சொல்வது கேட்டது. தெருத்திரைக்கு வெளியே அவர் ஒரு தடவை இருமினார். உள்ளே வரவில்லை.

முனவ்வர் பேகம் முன்கூடத்திலிருந்து உள்ளறை நிலைப்படிக்கு வந்து நின்றாள்.

"வந்துட்டாரு. பாத்துடலாமா?"

ஜஹீருன்னிசா ஈரச்சேலையை மாற்றியிருக்கவில்லை. ஹமீதின் கால்களைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டாள். அவனை நிமிர்த்தி உட்காரவைத்து, தன் இரண்டு முழங்காலுக்கும் நடுவே அவன் முழங்கால்களைச் சேர்த்துக்கொண்டாள். உட்கார்ந்தாள். அவன் மார்புக்கடியில் தோளைக் கொடுத்தாள். அவன் கைகள் அவள் கழுத்தைச் சுற்றி வந்தன.

பட்டப்பகலில், இன்னொருத்தி பார்க்க, புருஷனைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முனவ்வர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, பார்க்க வேண்டியவள் தான்தான் என்று ஞாபகம் வந்து, திரும்பவும் பார்த்தாள்.

"விழுங்க," என்றாள் ஜஹீருன்னிசா.

அவன் விழுந்தான். அவன் முழு கனமும் அவள்மேல் இறங்கியது. முன்பொரு காலத்தில் பயில்வானைச் சாய்த்த தோள், கழுத்து, மார்பு, உயிரில்லாத இடுப்பு. தரை தன்னைக் கீழே இழுப்பதுபோல் இருந்தது.

"மூச்சு விடு," என்றான் அவள் காதில். "இப்போ."

அவள் எழுந்தாள்.

தொடை இரண்டும் நடுங்கின. முக்காடு சரிந்து விழுந்தது. பின்புறமாக ஒரு அடி வைத்தாள். இன்னொன்று. முனவ்வர் ஒதுங்கி வழிவிட்டாள். நிலைப்படியைத் தாண்டினாள். அவன் கால்விரல்கள் தரையில் இழுபட்டு வந்தன. நான்கு அடி. ஜன்னல் வெளிச்சம் தோளில் விழுந்தது. உட்காரவைக்கத் திரும்பினாள்.

நாற்காலி அங்கே இல்லை.

"நாற்காலி," என்றாள். அதற்குமேல் மூச்சு வரவில்லை.

"வண்டியில ஏத்திட்டாங்க," என்றாள் முனவ்வர். அவள் முகம் வெளுத்திருந்தது. "நீ தொட்டிகிட்ட இருந்தப்போ நான்தான் வாசல்ல எடுத்து வெச்சேன். நீ தூக்குவேன்னு நான் நெனைக்கவே இல்லை ஜஹீர்."

கட்டிலுக்கே திரும்பலாம். ஆனால் காலில் இருந்த ஒரு எழுப்பு தீர்ந்துவிட்டது. திரும்பி இறக்கினால் மறுபடி எழாது. அவளால் முடியவில்லை என்றுதான் வெளியே சேதி போகும். அவள் நின்றாள்.

முனவ்வரும் நின்றாள். வாயைத் திறக்க அவளுக்கு அவசரம் இல்லாததுபோல் தெரிந்தது.

"பாபி," என்றான் ஹமீத். "அவ நிக்கிறா."

"தெரியுது." முனவ்வர் தெருத்திரைக்கருகே போனாள். போகிறபோது ஜஹீருன்னிசாவிடம் மெதுவாகச் சொன்னாள். "தினம் ரெண்டு வேளை இப்படி நிப்பே. ரெண்டு கையிலயும் இவரு. சைராவை எதுல புடிப்பே?"

பிறகு திரைக்கு வெளியே குரல் கொடுத்தாள். "நாற்காலிய எறக்குங்க."

"இன்னாத்துக்கு?"

"தூக்கிட்டா. தூக்கிட்டு நிக்கிறா. சீக்கிரம்."

வெளியே சுப்பராயனைக் கூப்பிடும் குரல் கேட்டது. பிறகு வண்டி அசைந்தது.

"அப்புறம், சைரா நம்மகூட வர்றா," என்றாள் முனவ்வர். "அவ அம்மா ஒத்துக்கிட்டா. பத்து நாளைக்கு."

ஜஹீருன்னிசா வாயைத் திறந்தாள். ஆறு மணங்கு மார்பில் இருந்தது. ஒரு வார்த்தைக்கு வேண்டிய மூச்சு அதில் இல்லை. ஹமீதின் தொண்டை அவள் காதை ஒட்டியிருந்தது. அவன் எச்சில் விழுங்கியது கேட்டது. பேசுவான் என்று காத்திருந்தாள்.

அவன் பேசவில்லை.

திரை விலகியது. மஹபூப் பாஷா முதுகைக் காட்டிக்கொண்டு உள்ளே வந்தார். தம்பி மனைவி முக்காடில்லாமல் நிற்பாள் என்று யூகித்து, தெருவைப் பார்த்த முகம் பார்த்தபடியே, பின்புறமாக, காலால் தடவித் தடவி வந்தார். நாற்காலியைப் பின்கையால் பிடித்திருந்தார். ஜன்னலோரம் வைத்தார்.

"டேய் ஹமீத்," என்றார் தெருவைப் பார்த்து. "நம்ம தாலிம்கானாவுல இந்த மாதிரி ஒருத்தன் எழுந்து நான் பாத்ததில்லை." இரண்டடி போய் நின்றார். "துணிய மறக்காம கட்டச் சொல்லு."

போய்விட்டார். முனவ்வர் பர்தாவை இழுத்துவிட்டுக்கொண்டு, சைராவின் துணிமூட்டையோடு பின்னால் போனாள்.

ஜஹீருன்னிசா கால்களை மடித்தாள். அவன் நாற்காலியில் இறங்கினான். அவன் கைகள் அவள் கழுத்தை விட்டன. அவளுடைய இரண்டு கைகளும் பக்கத்தில் தொங்கின. அவை யாருடைய கையோபோல் இருந்தன.

"ஏன் பேசல?" என்றாள்.

"மூச்சு விடு முதல்ல."

"ஏன் பேசல நீங்க?"

அவன் தன் கால்களைப் பார்த்தான்.

வெளியே மாட்டுமணி ஒலித்தது. சக்கரம் நகர்ந்தது.

தலைப்பாகைத் துணி ஜன்னல் கம்பியில் தொங்கியது. அவள் கையை உயர்த்தினாள். விரல்கள் அசைந்தன. கை எழவில்லை. மறு கையும் எழவில்லை. துணியைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள்.

தலையால் திரையை முட்டித் தள்ளிக்கொண்டு தெருவுக்கு வந்தாள்.

முக்காடு இல்லாமல், ஈரச்சேலையோடு. கல்யாணமாகி வந்ததிலிருந்து இந்தத் தெருவின் நடுவில் அவள் நின்றதில்லை. தொழுகையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த இரண்டு பேர் சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்கள். வண்டி மசூதி முனையில் வளைந்துகொண்டிருந்தது. பின்பக்கம் சைரா உட்கார்ந்திருந்தாள். அம்மா வழியனுப்ப வந்துவிட்டாள் என்று நினைத்துச் சிரித்தாள். புது வளையல் தெரியும்படி கையை ஆட்டினாள்.

ஜஹீருன்னிசா ஓட ஆரம்பித்தாள்.

ஐந்தாவது அடியில், பின்னால், வீட்டுக்குள்ளே கல் தரையில் நாற்காலிக் கால் நகரும் சத்தம் கேட்டது.